இன்ஸ்ட்ருமென்டேஷன் வடிவமைப்பு மென்பொருளில் வயரிங் சிக்னல்: டேக் முதல் ஐ/ஓ சேனல் வரை முழுமையான வழிகாட்டி

ஆலைக் கருவிகளையும் அவற்றின் வயரிங்கையும் வடிவமைக்க உதவும் ஸ்மார்ட்பிளான்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், சுருக்கமாக எஸ்பிஐ, போன்ற மென்பொருள்களில் வயரிங் வேலையைத் தொடங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். கேபிள் உருவாக்கியாயிற்று, டெர்மினலில் இணைத்தாயிற்று, ஆனாலும் லூப் டிராயிங்கில், அதாவது ஒரு கருவியின் முழு இணைப்பையும் காட்டும் வரைபடத்தில், டேக் (கருவியின் அடையாளப் பெயர்) ஏன் கட்டுப்பாட்டு அமைப்பின் ஐ/ஓ (இன்புட்/அவுட்புட்) கார்டு வரை வந்து சேரவில்லை என்பதே அந்தக் கேள்வி. இதற்கான விடை அநேகமாக எப்போதும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருப்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று படிகள் முன்னால் இருக்கிறது.

இந்த மென்பொருளில் சிக்னல் என்பது டேக்கின் கள முனையில், அதாவது கருவி இருக்கும் முனையில், பிறந்து, ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட வயர்களும் டெர்மினல்களும் எதுவரை தொடர்கின்றனவோ அதுவரை தானாகப் பரவி, தொடர்ச்சி அறுபடும் இடத்தில் நின்றுவிடும் ஒரு தரவு. ஆகவே சிக்னலை நிர்வகிப்பது என்றால் அது பரவும் பாதையைச் சரியான வரிசையில் அமைப்பதும், நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுமே ஆகும். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. வேலையின் வரிசையையும் அதற்கான காரணங்களையும் மட்டும் எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரே லூப்பை எடுத்துக்கொள்வோம். எஃப்டி-1201 என்பது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் இரண்டு வயர் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர். அதன் ஒற்றை ஜோடி கேபிள், பல கருவிகளின் கேபிள்கள் ஒன்றுசேரும் ஜேபி-101 என்ற ஜங்ஷன் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து 12 ஜோடி கேபிளின் 7ஆம் ஜோடி, கள வயர்களைக் கார்டு சேனல்களோடு பொருத்தும் எம்சி-01 என்ற மார்ஷலிங் கேபினட்டுக்குச் செல்கிறது; கேபினட்டுக்குள் கிராஸ் வயரிங் வழியாக அனலாக் இன்புட் கார்டின் 5ஆம் சேனலை அடைகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு டேக்குக்கும் ஐ/ஓ வகை நிரப்பப்பட்ட இன்ஸ்ட்ருமென்ட் இண்டெக்ஸ், அதாவது கருவிகளின் பட்டியல். அனலாக் இன்புட், அனலாக் அவுட்புட், டிஜிட்டல் இன்புட், டிஜிட்டல் அவுட்புட் என்று நிறுத்திவிடாமல், இரண்டு வயர் அனலாக் இன்புட்டையும் நான்கு வயர் அனலாக் இன்புட்டையும் தனித்தனி வகைகளாகவே பிரித்து வையுங்கள். இரண்டு வயர் டிரான்ஸ்மிட்டருக்கு லூப் மின்சாரத்தைக் கார்டு தருகிறது. நான்கு வயர் கருவி வெளியிலிருந்து மின்சாரம் பெற்றுக் கரண்ட்டைத் தானே அனுப்புகிறது. பல கார்டுகளில் இந்த இரண்டுக்கும் டெர்மினல்கள் வேறு. வகை ஒன்றாகவே இருந்தால், தவறான டெர்மினலில் இணைத்தாலும் மென்பொருள் தடுக்காது.

இரண்டாவது, எந்த டேக் எந்த ஜங்ஷன் பாக்ஸுக்குச் செல்கிறது என்ற தொகுப்புப் பட்டியல். அனலாக், டிஜிட்டல், பாதுகாப்பு அமைப்புக்குரியவை, இன்ட்ரின்சிக்லி சேஃப் சுற்றுகள் (வெடிப்பு அபாயப் பகுதிக்காக, தீமூட்டாத அளவுக்கு மின்னாற்றலைக் கட்டுப்படுத்தியவை), தெர்மோகப்பிள் (ஒரு வெப்பநிலை உணரி) ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாக்ஸ் என்பதே பெரும்பாலான திட்டங்களின் விதி. இதைப் பிளாட் பிளானை (ஆலையின் இட அமைப்பு வரைபடத்தை) வைத்துக்கொண்டு முன்பே முடிவு செய்யாமல், மென்பொருளுக்குள் உட்கார்ந்தபடி முடிவு செய்பவர்கள் பாதி வேலையைத் திரும்பச் செய்ய நேர்கிறது.

மூன்றாவது, பெயரிடும் விதி. கேபிள், பாக்ஸ், ஸ்ட்ரிப் (டெர்மினல்களின் வரிசை), ஜோடி, வயர் என எல்லாவற்றுக்கும் எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்ற விதி வேண்டும். இவை தவிர எர்த்திங் கொள்கை, ஸ்பேர் (கூடுதலாக ஒதுக்கும்) விகிதம், கார்டு ஒன்றுக்கு எத்தனை சேனல் என்ற விவரம் ஆகியவையும் தேவை.

2. குறிப்பு நூலகத்தை முதலில் முடியுங்கள்

கேபிள்களையும் பாக்ஸ்களையும் ஒவ்வொன்றாக வரையாமல், நூலகத்தில் உள்ள மாதிரியிலிருந்து நகலெடுத்தே உருவாக்குகிறோம். நகல் எடுத்தபின் மாதிரியைத் திருத்தினால், ஏற்கெனவே எடுத்த நகல்கள் தாமாகத் திருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் மாதிரியில் உள்ள ஒரு பிழை எத்தனை கேபிள் எடுத்தோமோ அத்தனை பிழையாகிவிடுகிறது.

12 ஜோடி கேபிளின் மாதிரியில் 12 தொகுதிகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் பாசிட்டிவ், நெகட்டிவ், தனி ஷீல்டு என மூன்று வயர்கள். அவற்றுக்கு வெளியே முழுக் கேபிளுக்கும் ஒரு பொது ஷீல்டு. தனி ஷீல்டு இல்லாத கேபிளை வாங்கப் போகிறோம் என்றால் மாதிரியிலும் அது இருக்கக் கூடாது. கொள்முதல் விவரக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயர்களின் நிறத்தையும் வரிசையையும் ஒத்துப்பாருங்கள். தொகுதி தொகுதியாக இணைக்கும்போது மென்பொருள் இந்த வரிசையையே பின்பற்றும். ஒரு மாதிரியில் பாசிட்டிவ் முதலிலும் இன்னொன்றில் நெகட்டிவ் முதலிலும் இருந்தால், இரண்டும் சந்திக்கும் டெர்மினலில் துருவம் மாறிவிடும்.

பாக்ஸ் மாதிரிக்கும் இதே கவனம் வேண்டும். 12 ஜோடிக்கு, ஷீல்டையும் சேர்த்து, 36 டெர்மினல்கள். 1, 2, 3 முதல் ஜோடிக்கு, 4, 5, 6 இரண்டாம் ஜோடிக்கு என்று வரிசையாகச் சென்றால், எந்த ஜோடியின் எண்ணையும் மூன்றால் பெருக்கினால் அதன் ஷீல்டு டெர்மினல் கிடைத்துவிடும். எஃப்டி-1201 அமரும் 7ஆம் ஜோடிக்கு ஷீல்டு 21. பாசிட்டிவ் 19, நெகட்டிவ் 20. இந்த ஒழுங்கை எல்லாப் பாக்ஸ்களிலும் மாறாமல் வைத்திருப்பது பின்னால் பிழை தேடும்போது பெரிய உதவியாக இருக்கும்.

3. டேக்கின் இயல்புகளை நிர்ணயிப்பது

கருவி வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்புத் தொகுப்பு உண்டு. அந்த வகைக்கு வயரிங் தேவையா, எந்த மாதிரி டெர்மினல் அமைப்பும் கேபிளும் வர வேண்டும், ஐ/ஓ வகை என்ன என்பதெல்லாம் அங்கே சொல்லப்படுகிறது. டேக் உருவாகும்போதே கள முனையும் அதன் கேபிளும் இதன்படி தோன்றுவதால், டேக்குகளை மொத்தமாக ஏற்றுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். உள்ளூர் பிரஷர் கேஜ் போன்றவற்றுக்கு வயரிங் வேண்டாம் என்று குறிக்காவிட்டால், யாருக்கும் தேவையில்லாத நூற்றுக்கணக்கான கேபிள்கள் கேபிள் ஷெட்யூலில் (கேபிள் பட்டியலில்) வந்து நிற்கும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கன்ட்ரோல் வால்வில்தான். எஃப்வி-1201 என்ற வால்வு உடலுக்குச் சிக்னல் கிடையாது. அதன் திறப்பளவைச் சரிசெய்யும் பொசிஷனருக்கு அனலாக் அவுட்புட், ஆன்/ஆஃப் கட்டளையால் இயங்கும் சொலினாய்டுக்கு டிஜிட்டல் அவுட்புட், திறப்பையும் மூடலையும் காட்டும் லிமிட் சுவிட்சுகள் ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் இன்புட் என்று தனித்தனி டேக் வேண்டும். எல்லாவற்றையும் வால்வின் டேக்கிலேயே ஏற்றினால், ஒரே பெயரில் நான்கு சிக்னல் மூன்று வகைக் கார்டை நோக்கிச் செல்லும். பிறகு எந்த அறிக்கையும் சரியாக வராது. மோட்டார் இயக்கும் வால்வுக்கும் அப்படியே: திற, மூடு என்ற கட்டளைகளும், திறந்தது, மூடியது, ரிமோட் நிலை, பழுது என்ற தகவல்களும் தனித்தனிச் சிக்னல்களே.

4. கட்டுப்பாட்டு அமைப்பின் பக்கத்தை முடிப்பது

ரேக், ஸ்லாட், கார்டு, சேனல் என்ற அடுக்கில் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கி, ஒவ்வொரு சேனலையும் மார்ஷலிங் கேபினட்டின் அமைப்புப் பக்க ஸ்ட்ரிப் வரை இணைத்துவிடுங்கள். இந்தப் பகுதி முழுக்க ஒரே சீராக இருப்பதால் மொத்தமாகச் செய்துவிடலாம். விற்பனையாளரின் வரைபடத்தோடு ஒரே அமர்வில் ஒத்துப்பார்க்கவும் முடியும். களப் பக்கம் அப்படி இல்லை. அது கடைசி வரை மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் வயர்களில் எந்த டேக்கும் தெரியாது, அது இயல்பு. வெறுமையாக இருக்கிறதே என்று சேனல் பெயரில் கையால் டேக்கைத் தட்டச்சு செய்ய வேண்டாம். அப்படி எழுதியது வெறும் எழுத்து மட்டுமே. உண்மையான சிக்னல் வேறு சேனலுக்கு வந்தாலும் அந்த எழுத்து அங்கேயே இருந்து, படிப்பவரை ஏமாற்றும்.

5. களப் பக்கத்தை இணைப்பது

முதலில் பல ஜோடிக் கேபிளை இரு முனைகளிலும் இணைக்க வேண்டும்: ஜேபி-101இல் ஒரு முனை, எம்சி-01இன் களப் பக்க ஸ்ட்ரிப்பில் மறு முனை. ஸ்பேர் ஜோடிகளையும் விடாமல் இணையுங்கள். தளத்தில் ஸ்பேர்களும் டெர்மினலில்தான் முடிக்கப்படும் என்பதால், மென்பொருளில் அவை தொங்கிக்கொண்டிருந்தால் டெர்மினல் எண்ணிக்கை பொய்யாகும்.

அதன் பிறகே கருவிக் கேபிள்கள். எஃப்டி-1201இன் பாசிட்டிவ் 19இலும், நெகட்டிவ் 20இலும், ஷீல்டு 21இலும் அமரும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்பதை மறக்கலாகாது. கருவிக் கேபிள் இடப்பக்கம் என்றால் பல ஜோடிக் கேபிள் வலப்பக்கம். எல்லாப் பாக்ஸ்களிலும் இதே ஒழுங்கு இருக்கட்டும்.

ஷீல்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான எர்த்திங் கொள்கையில், ஷீல்டு கருவி முனையில் வெட்டிக் காப்பிடப்படுகிறது. ஜங்ஷன் பாக்ஸில் தனி டெர்மினல் வழியாகத் தொடர்கிறது. மார்ஷலிங் கேபினட்டின் எர்த் பாரில் மட்டும் முடிகிறது. இரு முனைகளிலும் எர்த் செய்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டால் ஷீல்டு வழியே மின்னோட்டம் பாய்ந்து, அளவீட்டில் இரைச்சலைச் சேர்க்கும். ஆகவே மென்பொருளில் கருவி முனையின் ஷீல்டு வயரை இணைக்காமல் விடுவதே சரி. ஒரு வயர் மட்டும் இணையாமல் நிற்பதைப் பார்த்து, முழுமைக்காக அதையும் கருவியின் எர்த் டெர்மினலில் இணைத்துவிடும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லூப் டிராயிங் அந்த இணைப்பையும் உண்மையாகவே காட்டும்; தளத்தில் இருப்பவர் அதன்படியே செய்துவிடுவார்.

6. இரு பக்கமும் சந்திக்கும் கிராஸ் வயரிங்

களப் பக்க ஸ்ட்ரிப்பின் வரிசை ஆலையின் நிலப்பரப்பைப் பின்பற்றுகிறது. அமைப்புப் பக்க ஸ்ட்ரிப்பின் வரிசை கன்ட்ரோலர்களின் பங்கீட்டைப் பின்பற்றுகிறது. 7ஆம் ஜோடி 5ஆம் சேனலுக்குச் செல்வது இதனால்தான். இந்த இரண்டு ஸ்ட்ரிப்புகளுக்கும் இடையிலான வயர் இணைந்த கணத்தில், களத்திலிருந்து வந்து நின்றிருந்த சிக்னல் கார்டு வரை பரவும்.

ஐ/ஓ ஒதுக்கீட்டில் இரண்டு வழிகள் உள்ளன. டேக்கை முதலில் சேனலுக்கு ஒதுக்கிவிட்டு, அந்த ஒதுக்கீட்டுக்கு ஏற்பப் பாதையை அமைப்பது ஒன்று; பாதையை அமைத்து, அது சென்று சேரும் சேனலையே ஒதுக்கீடாகக் கொள்வது மற்றொன்று. முதல் வழியையே நான் விரும்புகிறேன். கட்டுப்பாட்டு அமைப்பின் விற்பனையாளருக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் முன்கூட்டியே தேவைப்படுகிறது. இணையாக இயங்கும் இரண்டு பம்புகளின் சிக்னல்கள் ஒரே கார்டில் சேரக் கூடாது என்பது போன்ற விதிகளையும் அப்போதே பார்த்துவிடலாம். எந்த வழியானாலும், ஒரே திட்டத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால், ஒதுக்கீடு ஒரு சேனலையும் பாதை இன்னொரு சேனலையும் காட்டும். எது சரி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மொத்தமாக இணைப்பதற்கு முன் ஒவ்வொரு ஐ/ஓ வகையிலும் ஒரே ஒரு டேக்கை மட்டும் முழுப் பாதையும் இணைத்து, அதன் லூப் டிராயிங்கை எடுத்துப் பாருங்கள். மாதிரியில் உள்ள பிழைகளைத் திருத்துவதற்கு இதைவிட மலிவான நேரம் பின்னால் கிடைக்காது.

7. சிக்னல் நின்றுவிட்டால் தேடும் முறை

கார்டிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டாம். கருவி முனையிலிருந்து முன்னோக்கிச் செல்லுங்கள். சிக்னல் பிறக்கும் இடம் அதுதான் என்பதால், அதைக் கடைசியாகச் சுமக்கும் வயரைக் கண்டால் பிழை அடுத்த டெர்மினலில் இருக்கிறது என்று பொருள். பின்னோக்கி வந்தால் வெறும் வயர்களை மட்டுமே கடந்து வருவீர்கள். அவற்றில் எதுவும் எதையும் சொல்லாது.

கருவி முனையிலேயே சிக்னல் இல்லை என்றால், டேக்கின் இயல்புத் தொகுப்பைப் பாருங்கள்: வயரிங் தேவை என்ற குறி இல்லாதிருக்கலாம், அல்லது அந்த முனை வேறு டேக்கைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஜங்ஷன் பாக்ஸில் நின்றிருந்தால், இரண்டு கேபிள்களும் ஒரே டெர்மினலில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒன்று 19இலும் மற்றொன்று 22இலும் அமர்ந்திருப்பது அடிக்கடி நிகழும். இரண்டும் ஒரே பக்கத்தில் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு வயரில் மட்டும் சிக்னல் கார்டை அடைந்து, மற்றொன்றில் எர்த் பாரில் போய் முடிந்தால், நெகட்டிவும் ஷீல்டும் இடம் மாறியிருக்கின்றன. நம் உதாரணத்தில், பல ஜோடிக் கேபிளின் நெகட்டிவ் 20க்குப் பதில் 21இலும், ஷீல்டு 20இலும் அமர்ந்திருக்கும். இணைக்கப்படாத வயர் என்று எதுவும் இல்லாததால், இணைப்பு எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கும் அறிக்கையில் இது தெரியாது. தளத்தில் இப்படியே இணைத்தால் டிரான்ஸ்மிட்டரின் நெகட்டிவ் நேராக எர்த்துக்குச் செல்லும். ஆகவே பாதை எங்கே முடிகிறது என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

ஒரே வயரில் இரண்டு டேக்குகள் தெரிந்தால் பொது இணைப்புகளைச் சந்தேகியுங்கள். டிஜிட்டல் இன்புட்டுகளின் பொது ரிட்டர்ன் டெர்மினல்களை ஜம்பர் போட்டு இணைக்கும்போது, அதைச் சாதாரண வயராகப் பதிந்தால் ஒரு டேக்கின் சிக்னல் அடுத்ததற்குள் புகுந்துவிடும். ஜம்பரை ஜம்பராகவே பதிய வேண்டும்.

எந்தப் பிழையானாலும், தவறான இணைப்பை நீக்கி மறுபடியும் இணைப்பதே தீர்வு. தவறை அப்படியே விட்டு, கீழ்ப்பகுதியில் இன்னொரு வயரைச் சேர்த்துச் சமன் செய்யும் வழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும்.

8. தனிக் கவனம் வேண்டிய சுற்றுகள்

பேரியர், ஐசொலேட்டர், ரிலே போன்ற, சிக்னல் பாதையின் நடுவே வரும் சாதனங்கள்: இவற்றின் உள்வரும் டெர்மினல்களும் வெளிச்செல்லும் டெர்மினல்களும் ஒரே சாதனத்தைச் சேர்ந்தவை என்று மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அந்த டெர்மினல்களை ஒரே தொகுப்பாக வரையறுத்தால்தான் சிக்னல் அதைக் கடந்து செல்லும். ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பிரித்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் பாதுகாப்பு அமைப்புக்கும் அனுப்பும் ஸ்பிளிட்டரில், எந்த வெளியீடு முதன்மை என்பதையும் வரையறுத்துவிடுங்கள்.

இன்ட்ரின்சிக்லி சேஃப் சுற்றுகளின் டெர்மினல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளியை ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60079-11 தரநிலை கோருகிறது. நிறத்தால் அடையாளம் காட்டுவதென்றால் அது வெளிர் நீலமாக இருக்க வேண்டும். இவை இரண்டையும் மாதிரி நிலையிலேயே, தனி ஸ்ட்ரிப்பாகவும் தனிக் கேபிள் வகையாகவும் அமைத்துவிட்டால், பிறகு யாரும் தெரியாமல் கலக்க முடியாது.

மூன்று வயர் ஆர்டிடியில் (மின்தடை மாற்றத்தால் வெப்பநிலையை அளக்கும் உணரியில்) ஐஇசி 60751இன்படி இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. ஜோடிக் கேபிளின் மாதிரியை இதற்குப் பயன்படுத்தினால் மூன்றாவது வயர் ஷீல்டில் போய் அமரும். மூன்று கோர் கொண்ட தனி மாதிரி வேண்டும். தெர்மோகப்பிளில் நிறக்குறியீடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. கே வகைக்கு ஐஇசி முறையில் பாசிட்டிவ் பச்சை, நெகட்டிவ் வெள்ளை. அமெரிக்க முறையில் பாசிட்டிவ் மஞ்சள், நெகட்டிவ் சிவப்பு. சிவப்பைக் கண்டதும் பாசிட்டிவ் என்று எண்ணி மாதிரி அமைப்பவர்களால், வெப்பநிலை உயர உயர அளவீடு குறையும் லூப் உருவாகிறது.

9. மாற்றங்கள் வரும்போது

டேக் நீக்கப்பட்டால் வந்த வழியே திரும்புங்கள்: முதலில் ஐ/ஓ ஒதுக்கீட்டை விடுவித்து, பிறகு கிராஸ் வயரை நீக்கி, அதன் பிறகு ஜங்ஷன் பாக்ஸில் கருவிக் கேபிளைப் பிரித்து, கடைசியில் டேக்கை நீக்க வேண்டும். டேக்கை முதலிலேயே நீக்கினால், பெயரில்லாத கேபிளும் யாருக்கும் சொந்தமில்லாத சேனலும் தங்கிவிடக்கூடும். அவை ஸ்பேர் எண்ணிக்கையில் சேராமல், ஆனால் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

பல ஜோடிக் கேபிளை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கி மறுபடி உருவாக்காதீர்கள்; ஒரு ஜோடியின் சிக்கலைத் தீர்க்கப்போய்ப் பன்னிரண்டு ஜோடிகளின் பாதையும் அறுந்துபோகும். தளத்திலிருந்து சிவப்பு மையில் திருத்தப்பட்ட வரைபடங்கள் வரும்போது, அவற்றை ஒவ்வொரு டேக்காக ஏற்றாமல் பாக்ஸ் வாரியாக ஏற்றுங்கள். தளத்தில் இரண்டு ஜோடிகளை இடம் மாற்றியிருந்தால், டேக் வாரியாக ஏற்றும்போது முதல் டேக் செல்ல வேண்டிய இடத்தில் இரண்டாவது டேக் இன்னும் அமர்ந்திருக்கும்.

10. வெளியீட்டுக்கு முந்தைய சரிபார்ப்பு

மூன்று அறிக்கைகளை இந்த வரிசையில் எடுங்கள். முதலில், ஐ/ஓ வகை உள்ள டேக்குகளில் சேனலை அடையாதவற்றின் பட்டியல். அது வெறுமையாக வர வேண்டும். அடுத்து, ஒதுக்கிய சேனலையும் பாதை சென்று சேர்ந்த சேனலையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பட்டியல். இரண்டு பத்திகளும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பாக்ஸுக்கும் டெர்மினல் அறிக்கை. அதைத் திரையில் பார்க்காமல் அச்சிட்டு, ஜோடி எண்ணை மூன்றால் பெருக்கி ஷீல்டு டெர்மினலை ஒத்துப்பாருங்கள். இதில் தேறாத எதையும் லூப் டிராயிங்காக வெளியிட வேண்டாம்.

லூப் டிராயிங்கும் கேபிள் ஷெட்யூலும் வெளியானபின் கடைசியாக எடுக்க வேண்டியது ஃபெரூல் (வயர் முனையில் மாட்டும் அடையாளக் குழாய்) பட்டியல். ஃபெரூலில் அச்சாவது டெர்மினல் எண்ணும் டேக்கும் என்பதால், மேலே எங்கே ஒரு திருத்தம் வந்தாலும் அது இந்தப் பட்டியலை மாற்றும். ஃபெரூல்கள் அச்சாகி வயரில் ஏறிவிட்டால், பிறகு வரும் திருத்தத்தை மென்பொருளில் செய்வதோடு வேலை முடியாது. பாக்ஸைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.